செகண்ட் ஹேண்ட் ஸ்ட்ரிங்கிங் மெஷின்: விலையைக் கேக்குறதுக்கு முன்னாடி கிளாம்ப்பைப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். படிக்கத் தோதாகச் சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு வாட்ஸ்அப் போட்டோவுல ஆரம்பிக்குது. அனுப்பினவன் விம்கோ நகர்ல இருக்கிற என் நண்பன். பகல்ல எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை, சாயங்காலம் ஷட்டில் கோர்ட்ல சின்னப் பசங்களுக்குக் கோச்சிங். போட்டோவுல ஒரு மெஷின். மூணு கால் ஸ்டாண்டு, மேல சுத்துற மாதிரி ஒரு தட்டு, பக்கத்துல ஒரு கைப்பிடி. கீழ விளம்பர வாசகம்: "டென்னிஸ் ஸ்ட்ரிங்கிங் மெஷின், நல்ல கண்டிஷன், அர்ஜென்ட் சேல், 28,000." அதுக்கும் கீழ அவனோட மெசேஜ்: "மச்சி, பைக்குக்குச் சேத்து வெச்ச காசு இருக்கு. இத எடுத்துடட்டா?"

"போய்ப் பாக்காம ஜிபே பண்ணிடாத"ன்னு மட்டும் ஒரு வாய்ஸ் நோட் போட்டேன். மிச்சத்தை நேர்ல பேசினோம். அந்தப் பேச்சோட விரிவான வடிவம்தான் இந்த எபிசோட்.

முதல்ல, அவனுக்கு எதுக்கு இந்த மெஷின்? அவன்கிட்ட வர்ற பசங்க நிறைய பேருக்கு ஒரே ஒரு பேட்தான். கட்ஸ் அறுந்தா சிட்டிக்குள்ள இருக்கிற ஸ்போர்ட்ஸ் கடைக்கு எடுத்துட்டுப் போகணும். 2021 பிப்ரவரி 14-ல மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததால போறது சுலபமாயிடுச்சு. ஆனா கடையில குடுத்துட்டு வந்தா ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் கைக்கு வரும். அந்த மூணு நாளும் பையன் கோர்ட் ஓரத்துல உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். கோர்ட் பக்கத்துலேயே கட்ஸ் போட்டுக் குடுத்தா பையனும் ஆடுவான், தனக்கும் கொஞ்சம் காசு வரும். அவன் கணக்கு அவ்வளவுதான். நியாயமான கணக்கு.

வார்த்தை விஷயத்தை இங்கேயே பேசி முடிச்சிடுவோம். நான் "பேட்"னுதான் சொல்லப் போறேன். எண்ணூர் பக்கம் ராக்கெட்னு சொன்னா ஜனங்க வடக்க ஸ்ரீஹரிகோட்டா திசையில வானத்தைப் பாப்பாங்க. அதே மாதிரி நரம்பு போடுறதை நம்ம ஊர்ல "கட்ஸ் போடுறது"ன்னு சொல்றோம். இது குடல்னு அர்த்தம் தர்ற வார்த்தை. பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்துல பாபோலா கம்பெனி 1875-ல டென்னிஸுக்கு நரம்பு செஞ்சப்போ நிஜமாவே விலங்குக் குடல்லதான் செஞ்சாங்க. இன்னைக்கு நாம போடுறது பெரும்பாலும் நைலானும் பாலியெஸ்டரும்தான். பேர் மட்டும் நின்னுடுச்சு.

இப்போ மெஷின். அது செய்யிற வேலை மூணு. ஃபிரேமை ஆடாம பிடிச்சுக்கணும். ஒரு நரம்பை நீங்க சொன்ன அளவுக்கு இழுக்கணும். அடுத்த நரம்பை இழுக்கிற வரைக்கும், இழுத்ததை விடாம கவ்வியிருக்கணும். வாங்கப் போறவங்க எல்லாரும் ரெண்டாவதைப் பத்தித்தான் கேப்பாங்க. "எத்தனை பவுண்ட் வரைக்கும் இழுக்கும் சார்?" உண்மையில பழைய மெஷின்ல காசு போறது முதலாவதுலயும் மூணாவதுலயும்.

இழுக்கிற விதத்தை வெச்சு மூணு ஜாதி மெஷின் இருக்கு. எளிமையானது வெயிட் மெஷின். ஒரு இரும்புக் கம்பி, அதுல நகர்த்தக்கூடிய ஒரு எடைக்கட்டி. கம்பியோட ஒரு முனையில சின்ன உருளை, அதுல நரம்பைக் கவ்வ வெச்சுக் கம்பியைக் கீழ விடுவீங்க. நம்ம வீட்டு ஏத்தக் கம்பு தத்துவம்தான். ஒரு உதாரணம்: உருளையோட ஆரம் இரண்டரை சென்டிமீட்டர், எடைக்கட்டி 3 கிலோ, அது மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்குன்னு வைங்க. மூணை இருபதால பெருக்கி இரண்டரையால வகுத்தா 24. நரம்புல 24 கிலோ இழுவிசை, அதாவது கிட்டத்தட்ட 53 பவுண்ட். கம்பியோட சொந்த எடையைக் கணக்குல சேக்கல. எடையைத் தள்ளித் தள்ளி வெச்சா இழுவிசை கூடும், அவ்வளவுதான். ஒரே நிபந்தனை, இழுத்து முடிக்கும்போது கம்பி படுக்கைவாட்டுல நிக்கணும். பத்து டிகிரி சாய்ஞ்சா பெரிய தப்பில்ல, ஒன்றரை சதவீதம் குறையும். இருபது டிகிரி சாய்ஞ்சா ஆறு சதவீதம் போயிடும்.

இந்த ஜாதியைப் பழசா வாங்குறதுல ஒரு நிம்மதி இருக்கு. புவியீர்ப்பு தேயாது. பத்து வருஷம் பரண்ல கிடந்தாலும் எடைக்கட்டி அதே எடைதான். ஆனா ஒண்ணைப் பாருங்க: எடைக்கட்டி அந்த மெஷினோட வந்ததுதானா? தொலைஞ்சு போய் வேற எதையாவது மாட்டியிருந்தா, கம்பியில அச்சடிச்சிருக்கிற எண் எல்லாமே பொய். வீட்டுத் தராசுல வெச்சு எடை போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்.

ரெண்டாவது, கிராங்க் மெஷின். நண்பன் அனுப்பின போட்டோவுல இருந்தது இதுதான். ஒரு திருகுல அளவை வைப்பீங்க. கைப்பிடியைச் சுத்தினா உள்ள ஒரு ஸ்பிரிங் இழுபடும். அளவு வந்ததும் "டக்"னு பூட்டிக்கும். வேகமா வேலை நடக்கும், கரண்ட் வேண்டாம். அமெரிக்கக் கடைகள்ல பிரின்ஸ் நியோஸ் 1000 மாதிரி கிராங்க் மெஷின்கள் இருபது முப்பது வருஷம் உழைச்சிருக்கு. ஆனா ஒரு விஷயம். பூட்டிக்கிட்ட அடுத்த நொடியிலிருந்து அது இழுக்கிறதை நிறுத்திடும். நரம்பு கொஞ்சம் தளரும், அந்தத் தளர்ச்சியை அது ஈடு கட்டாது. அதனால வெயிட் மெஷின்ல 24 பவுண்ட்னு போட்ட பேட்டும் கிராங்க்ல 24-னு போட்ட பேட்டும் கையில ஒண்ணா இருக்காது. கிராங்க்ல போட்டது சற்றே தளர்வா இருக்கும். தெரிஞ்சவங்க ஒண்ணு ரெண்டு பவுண்ட் கூட்டி வைப்பாங்க.

மூணாவது எலக்ட்ரானிக். மோட்டார் இழுக்கும், நரம்பு தளர்ந்தா திரும்ப இழுத்துச் சரி பண்ணும். கவனிச்சீங்களா, விலை குறைஞ்ச வெயிட் மெஷினும் விலை கூடின எலக்ட்ரானிக்கும் ஒரே காரியத்தைத்தான் செய்யுது. ரெண்டுமே விடாம இழுத்துக்கிட்டு இருக்கும். நடுவுல இருக்கிற கிராங்க்தான் வேற ஆளு.

சரி, அவனுக்கு எது? இங்கதான் இடம் முக்கியம். விம்கோன்னா வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, தீப்பெட்டி செஞ்ச தொழிற்சாலை. அதோட பேர்லதான் ஊரே இருக்கு. அந்தப் பக்கம் திருவொற்றியூர்ல எம்ஆர்எஃப் 1946-ல பொம்மை பலூன் செய்யிற ஷெட்டா ஆரம்பிச்சது. என்ஃபீல்டு புல்லட் 1956-ல அங்கதான் தயாராக ஆரம்பிச்சது. எண்ணூர்ல அசோக் லேலண்ட். இத்தனை பெரிய ஆலை இருந்தா, சுத்தி அதுக்கு வேலை செய்யிற லேத் பட்டறைகளும் இருக்கும். ஒரு போல்ட்டு, ஒரு புஷ், ஒரு நைலான் கட்டை வேணும்னா அளவோட மாதிரியைக் கொண்டு போய்க் குடுத்தா கடைஞ்சு தர்ற கைகள் அந்தத் தெருக்கள்ல உண்டு. கம்பெனியே மூடிப் போன, ஸ்பேர் கிடைக்காத ஒரு பழைய மெஷின் அண்ணா நகர்ல ஒருத்தர் கையில இருந்தா பழைய இரும்பு. விம்கோ நகர்ல இருந்தா ஓடும். அதனால நான் அவன்கிட்ட சொன்னது: உனக்கு இரும்பு மெஷின்தான் தோது. சர்க்யூட் போர்டு போச்சுன்னா லேத்காரரால ஒண்ணும் பண்ண முடியாது.

எலக்ட்ரானிக் வேணவே வேணாம்னு சொல்லல. வாங்குறதா இருந்தா பின்னாடி ஒட்டியிருக்கிற தகட்டைப் படிங்க. அமெரிக்காவுலயோ ஜப்பான்லயோ இருந்து யாராவது கொண்டு வந்ததா இருந்தா அது 100, 120 வோல்ட்டுக்குச் செஞ்சதா இருக்கலாம். நம்ம வீட்டு 230-ல நேரா சொருகினா கதை முடிஞ்சது. டிரான்ஸ்ஃபார்மர் வேணும், அதையும் விலையில சேத்துக்கோங்க. விக்கிறவர் வீட்டுலயே ஆன் பண்ணி, அரை மணி நேரம் திரும்பத் திரும்ப இழுத்துப் பாருங்க. சூடான பிறகு அடம் பிடிக்கிற மெஷின் நிறைய.

கிராங்க் மெஷின்ல இன்னொரு வசதி: வைஸ்னு ஒரு கம்பெனி, பழைய கிராங்க் மெஷின்ல கைப்பிடித் தலையைக் கழட்டிட்டு அந்த இடத்துல மாட்டுற மாதிரி எலக்ட்ரானிக் இழுவைத் தலை தனியா செய்யுது. இன்னைக்கு வாங்க வேண்டியதில்ல. நல்ல உடம்பு இருக்கிற மெஷினை எடுத்து வெச்சா, பின்னாடி தலையை மாத்திக்கலாம்னு ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சா போதும்.

இப்போ அந்த விளம்பரத்துல இருந்த பெரிய பொறிக்கு வர்றேன். "டென்னிஸ்" ஸ்ட்ரிங்கிங் மெஷின். நண்பனுக்கு வரப் போறது டென்னிஸ் பேட்டா? சென்னையில டென்னிஸ்னா நுங்கம்பாக்கம். 1997-லிருந்து 2017 வரைக்கும் சென்னை ஓப்பன் நடந்த ஊர் இது. ஆனா விம்கோ நகர்ல பத்து பேட் வந்தா ஒன்பது ஷட்டில் பேட். டென்னிஸ் பேட் சுமார் 300 கிராம். ஷட்டில் பேட் 80, 90 கிராம். டென்னிஸ் நரம்பு கிட்டத்தட்ட 1.3 மில்லிமீட்டர் தடிமன். ஷட்டிலுக்கு அதுல பாதிதான், 0.7-க்குள்ள. டென்னிஸுக்கு 50, 55 பவுண்ட் இழுப்போம், ஷட்டிலுக்கு 22-லிருந்து 28. அப்போ டென்னிஸுக்குன்னே செஞ்ச மெஷின்ல மூணு சிக்கல் வரலாம். அளவுத் திருகே 30 பவுண்ட்ல இருந்துதான் ஆரம்பிக்கும். கிளாம்ப்போட பல்லு தடியா இருக்கும், ஷட்டில் பேட்ல நரம்புக்கு நரம்பு இருக்கிற சின்ன இடைவெளியில நுழையாது. நுழைஞ்சாலும் மெல்லிசு நரம்பைக் கவ்வாது. பேட்டைப் பிடிக்கிற தாங்கிகளும் அந்த ஒல்லி ஃபிரேமுக்குப் பொருந்தாது.

ரெண்டுக்கும் சேத்துச் செஞ்ச மெஷின்கள் இருக்கு, ஷட்டிலுக்குத் தனித் தாங்கிகளோட வரும். விளம்பரத்துல எழுதியிருக்க மாட்டாங்க. அதனால ஒரு பழைய ஷட்டில் பேட்டை எடுத்துட்டுப் போங்க. மாட்டிப் பாத்தா ரெண்டு நிமிஷத்துல தெரியும்.

தாங்கிகளைப் பத்திச் சொல்லும்போது என் கதையைச் சொல்லியே ஆகணும். சில வருஷம் முன்னாடி நானும் ஒரு பழைய மெஷின் வாங்கினேன். கடையை மூடிட்டுப் போன ஒருத்தர்கிட்ட. நல்லா இழுத்துது, நல்லா கவ்விச்சு. ரெண்டாவது வாரம் ஒரு ஃபிரெண்டோட ஷட்டில் பேட்டை மாட்டி, நீளவாட்டு நரம்பு போட்டு முடிக்கப் போறேன், "படக்"னு ஒரு சத்தம். தோள்பட்டைப் பக்கம் ஃபிரேம் விரிசல். அவன் பிறந்த நாளுக்கு அவங்க அக்கா வாங்கிக் குடுத்த பேட். புது பேட் வாங்கிக் குடுத்தேன். அவன் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டான். அதுக்கப்புறம் என்கிட்ட கட்ஸ் போடக் குடுக்கல.

என்ன நடந்துச்சுன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. நரம்பு போடும்போது முதல்ல நீளவாட்டு நரம்பு எல்லாத்தையும் போடுவோம். அது பேட்டோட தலையையும் கழுத்தையும் ஒண்ணை நோக்கி ஒண்ணா இழுக்கும். ஃபிரேம் நீளத்துல குறுகி அகலத்துல பிதுங்கப் பாக்கும். அப்புறம் குறுக்கு நரம்பு போட்டாத்தான் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நடுவுல அந்தப் பத்து இருபது நிமிஷம் எவ்வளவு பாரம்னு பாருங்க. டென்னிஸ் பேட்ல நீளவாட்டுல 16 நரம்பு, ஒவ்வொண்ணும் 25 கிலோன்னா மொத்தம் 400 கிலோ. எட்டு மூட்டை அரிசி, ஒரு 300 கிராம் ஃபிரேம் மேல. ஷட்டில்ல 22 நரம்பு, பதினோரு கிலோ வீதம் 242 கிலோ, தொண்ணூறு கிராம்கூட இல்லாத ஃபிரேம் மேல. இந்தப் பாரத்தைத் தாங்குறது ஃபிரேம் இல்லீங்க, மெஷினோட தாங்கிகள். தலைக்கு உள்பக்கம் ஒண்ணு, கழுத்துக்கு உள்பக்கம் ஒண்ணு, தோள்பட்டைகள்ல வெளிப்பக்கமா நாலு. ஆறு புள்ளிப் பிடிப்புன்னு சொல்றது இதைத்தான். என் மெஷின்ல நாலு தோள் தாங்கியில ஒண்ணு ஒரிஜினல் இல்ல. யாரோ வேற மெஷின்லேர்ந்து எடுத்து மாட்டியிருக்காங்க. வளைவு பொருந்தல. ஃபிரேம் பக்கத்துல சாய்ஞ்சு உட்கார வேண்டிய தாங்கி ஒரே ஒரு புள்ளியில குத்திக்கிட்டு இருந்திருக்கு.

அதனால தாங்கிகளை ஒவ்வொண்ணா எண்ணுங்க. நாலும் ஒரே மாதிரி இருக்கா, உள்ள இருக்கிற ரப்பர் அல்லது நைலான் மெத்தை கிழியாம இருக்கா, பூட்டின பிறகு கையால தள்ளினா ஆடுதா. பேட்டை மாட்டி, நீளத்தையும் அகலத்தையும் டேப்ல அளந்து ஒரு சீட்டுல எழுதுங்க. கட்ஸ் போட்டு முடிச்ச பிறகு திரும்ப அளந்து பாருங்க. இது கடைசி வரைக்கும் பழக்கமா இருக்கட்டும்.

அடுத்து கிளாம்ப். இழுத்த நரம்பைக் கவ்வி வைக்கிற இடுக்கி. சாதாரணமா ரெண்டு இருக்கும். சில எளிய மெஷின்ல தனியா பறக்கிற கிளாம்ப், அதாவது பக்கத்து நரம்பையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறது. நல்ல மெஷின்ல தட்டோட சேத்து ஓடுற கிளாம்ப். ரெண்டாவது வகைதான் தேடணும். சோதிக்கிறது சுலபம். ஒரு நரம்பைக் கவ்வ வெச்சு, கிளாம்ப் ஓரத்துல நரம்பு மேல மார்க்கர் பேனாவால ஒரு கோடு போடுங்க. ஷட்டில் நரம்புன்னா 28 பவுண்ட் வரைக்கும் இழுங்க. கோடு நகர்ந்தா கிளாம்ப் வழுக்குது. உடனே முகம் சுளிக்காதீங்க. பல்லுல நரம்போட மெழுகு ஏறியிருக்கும், இல்ல விக்கிறவர் "பளிச்"னு இருக்கட்டும்னு எண்ணெய் போட்டுத் துடைச்சிருப்பார். மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் கொண்டு போங்க. நல்லா தேய்ச்சுக் காய விட்டு, திருகைச் சரி பண்ணி, திரும்ப இழுங்க. அப்பவும் நகர்ந்தா பல்லு தேஞ்சு போச்சு. இறுக்கமா வெச்சு சமாளிக்கலாம்னு நினைச்சா நரம்பு நசுங்கும். புது கிளாம்ப் விலை என்ன, அந்த மெஷினுக்குக் கிடைக்குமான்னு தெரியாம அங்க காசு குடுக்காதீங்க.

கிளாம்ப்போட அடிப்பகுதி ஓடுற தண்டவாளத்தையும் பாருங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஓரம் வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு நான் துருவைப் பத்திச் சொல்ல வேண்டியதில்ல. உப்புக் காத்துல ரெண்டு மழைக்காலம் மூடாம கிடந்த மெஷினோட தண்டவாளம் சொரசொரன்னு ஆயிருக்கும். மேல் துரு உப்புத்தாள்ல போயிடும். குழி விழுந்திருந்தா கிளாம்ப் ஒரே சீரா பூட்டாது. வாங்கின பிறகும் இது தொடரும்: வேலை முடிஞ்சதும் ஒரு துணி போட்டு மூடி வைக்கணும். தண்டவாளத்துல எண்ணெய் போடலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. கவ்வுற, பூட்டுற இடம் எதுலயும் எண்ணெய் படக் கூடாது.

கடைசியா இழுவை அளவு. விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பாக்குற டிஜிட்டல் கொக்கித் தராசு ஒண்ணு வாங்குங்க. எழுநூறு எண்ணூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும். ஒரு பக்கம் நரம்பால தராசை மெஷினோட ஒரு தாங்கியில கட்டுங்க. இன்னொரு பக்கம் கொக்கியில ஒரு நரம்பு மாட்டி, அதை மெஷின் இழுக்கட்டும். திருகுல 22 பவுண்ட் வெச்சா தராசு 10 கிலோ காட்டணும். 50 வெச்சா 22.7. கிராங்க் மெஷின்ல பூட்டுற அந்த நொடியில வர்ற உச்ச எண்ணைப் படிங்க, அப்புறம் அது மெதுவா இறங்கும். அது இயல்பு.

இங்க எல்லாரும் தப்பு பண்ற ஒரு இடம் இருக்கு. எண் சரியா வரலன்னா மெஷின் கெட்டுப் போச்சுன்னு எழுந்து வந்துடுவாங்க. அவசரப்படாதீங்க. ஒரே அளவுல பத்து தடவை இழுங்க. பத்து தடவையும் ஒரு கிலோ குறைவாவே காட்டினா அது நல்ல மெஷின். ஸ்பிரிங் பக்கத்துல இருக்கிற திருகைச் சரி பண்ணினா முடிஞ்சது. ஒரு தடவை ஒன்பது, ஒரு தடவை பத்தே முக்கால், ஒரு தடவை ஒன்பதரைன்னு வந்தா அதுதான் ஆபத்து. ஸ்பிரிங்கோ பூட்டோ தேஞ்சிருக்கு, திருகால சரியாகாது. பெரிய டோர்னமென்ட்கள்ல ஆட்டக்காரங்க கேக்குறதும் இதைத்தான். போட்டி முடியிற வரைக்கும் அதே ஆள், அதே மெஷின்ல என் பேட்டுக்குப் போடணும்னு சொல்வாங்க. 52-ன்னு போட்டது நிஜத்துல 51-ஆ இருந்தா அவங்களுக்குப் பரவாயில்ல. நேத்து இருந்த மாதிரி இன்னைக்கு இல்லன்னாதான் பிரச்சினை. கோர்ட்ல இருக்கிற பத்து வயசுப் பையனுக்கும் அப்படித்தான், அவனுக்குச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் போனோம். பழைய ஷட்டில் பேட், தராசு, பிரஷ், மார்க்கர், டேப். விக்கிறவர் எங்களைப் பாத்துட்டு, "என்ன தம்பி, ஆபரேஷன் பண்ண வந்த மாதிரி வந்திருக்கீங்க"ன்னார். நல்ல மனுஷன், ஒண்ணையும் மறைக்கல. திருகு 20 பவுண்ட்ல இருந்து ஆரம்பிச்சுது. கிளாம்ப் மெல்லிசு, ஷட்டில் இடைவெளியில நுழைஞ்சுது. முதல் இழுப்புலயே வழுக்குச்சு. தேய்ச்சுக் கழுவினோம், பழுப்பு நிறத்துல அழுக்கு வந்துது, அப்புறம் பிடிச்சுக்கிச்சு. 24 பவுண்ட் வெச்சு இழுத்தோம். வர வேண்டியது 10.9 கிலோ. வந்தது 9.9, 9.8, 9.9, 9.9. நண்பன் முகம் விழுந்துடுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்.

குறை ஒண்ணு இருந்துச்சு. ஷட்டிலுக்கான தோள் தாங்கி நாலுக்கு மூணுதான். நாலாவது வீடு மாறும்போது தொலைஞ்சதாம். "அதான் சார் மெயின்"னு நண்பன் சொன்னான். அதுக்கும், தண்டவாளத் துருவுக்கும் சேத்துப் பேசி 21,000-க்கு வந்துது. குத்தூசி, கட்டர், நரம்பு ஆரம்பிக்கும்போது பிடிக்கிற தனி கிளாம்ப், எல்லாம் அதுல சேத்தி. இந்தச் சின்னச் சாமான்களைக் கேட்டு வாங்குங்க, தனியா வாங்கினா காசு எகிறும்.

மூணு தாங்கியையும் எடுத்துக்கிட்டு திருவொற்றியூர்ல ஒரு லேத் அண்ணன்கிட்ட போனோம். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஒண்ணு மட்டும் செஞ்சா மத்த மூணோட ஒத்துப் போகாது தம்பி. தேய்மானம் வேறயா இருக்கும். மெத்தை நாலும் புதுசா நைலான்ல போட்டுக்கோ"ன்னார். அந்தப் புத்தி எனக்கு அன்னைக்கே இருந்திருந்தா ஒரு பேட் மிச்சமாயிருக்கும்.

காசுக் கணக்கையும் சொல்லிடறேன். ஒரு பேட்டுக்குக் கூலி 150 ரூபாய்னு வைங்க, நரம்பு விலை தனி. 21,000-ஐ எடுக்க 140 பேட் போடணும். வாரத்துக்கு அஞ்சு பேட் வந்தா இருபத்தெட்டு வாரம், அரை வருஷத்துக்கு மேல. நரம்பை 200 மீட்டர் ரீலா வாங்கினா ஷட்டிலுக்குப் பத்து மீட்டர் வீதம் இருபது பேட் வரும், செட் செட்டா வாங்குறதைவிட மலிவு. ஆனா அந்த ரீலுக்கும் முன்பணம் போடணும். ஆரம்பத்துல ஒரு பேட்டுக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகும், கை பழகினா நாப்பது நிமிஷம். ஒரே ஒரு ஃபிரேம் உடைஞ்சா பதினைஞ்சு இருபது பேட்டோட கூலி போச்சு. அதனால பேட்டை வாங்கும்போதே, குடுக்கிறவர் கண்ணு முன்னாடி ஃபிரேமைச் சுத்திப் பாத்து, ஏற்கெனவே விரிசல் இருந்தா போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப் பண்ணிடுங்க. அப்புறம் சண்டை வராது.

முதல் பத்து பேட் தன்னோடதும் கூட ஆடுறவங்க தூக்கிப் போட்டதும்தான்னு எங்களுக்குள்ள ஒப்பந்தம். காசு வாங்கக் கூடாது. இதைப் பதிவு பண்ற நேரத்துல அவன் எட்டாவது பேட்ல இருக்கான். நேத்து ராத்திரி ஒரு போட்டோ வந்துது: குறுக்கு நரம்பு ஒண்ணு மேல போக வேண்டிய இடத்துல கீழ போயிருக்கு, நடுவுல, எல்லாம் போட்டு முடிச்ச பிறகு கண்டுபிடிச்சிருக்கான். கீழ ஒரே வரி: "மச்சி, பிரிக்கட்டா?"

பிரின்னு சொன்னேன்.